பயிற்சியாளரைத் தூக்கினால் அணி ஜெயிக்குமா?

2017 பிப்ரவரி 23 அன்று லெஸ்டர் சிட்டி என்ற இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பின் நிர்வாகம் தன் தலைமைப் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியை வீட்டுக்கு அனுப்பியது. ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் அவர் அந்தக் கிளப்புக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் 2017 பிறந்ததிலிருந்து லீக்கில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோல்வி. கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றார்கள். உதவிப் பயிற்சியாளராக இருந்த கிரேக் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றதும் முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலை 3-1 என்று வென்றார்கள். அதையும் சேர்த்து லீக்கில் வரிசையாக ஐந்து வெற்றி.

இதைப் பார்க்கும் யாரும் ரனியேரியைத் தூக்கியதால்தான் அணி பிழைத்தது என்றுதான் சொல்வார்கள். ஐந்து தோல்வி, ஆள் மாற்றம், ஐந்து வெற்றி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? புள்ளியியல் படித்தவர்கள் மட்டும் இந்த இடத்தில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

லெஸ்டரின் மூன்று சீசன்களைச் சேர்த்துப் பாருங்கள். 2014-15இல் 41 புள்ளி, 14ஆம் இடம். 2015-16இல் 81 புள்ளி, முதல் இடம். 2016-17இல் 44 புள்ளி, 12ஆம் இடம். நடுவில் இருப்பதுதான் விதிவிலக்கு. கோப்பை வென்ற ஆண்டில் எல்லாமே கைகூடி வந்தது. அடுத்த ஆண்டு நடுக்கள வீரர் எங்கோலோ கான்டே செல்சிக்குப் போய்விட்டார், அது உண்மையான இழப்பு. ஆனால் அவர் போகாமல் இருந்திருந்தாலும் 81 புள்ளி மறுபடி வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அணி தன் வழக்கமான உயரத்துக்கு இறங்கியது. இறங்கும்போது அதற்கும் கீழே ஒரு குழியில் விழுந்தது, அப்புறம் மேலே வந்தது. குழியின் அடியில் நின்றபோது பயிற்சியாளர் மாறினார்.

இதற்கு 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிட்டபோது இதைக் கவனித்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. திறமையும் தற்செயலும் கலந்த எந்த அளவீட்டிலும் இது நடக்கும். மிக மோசமான ஒரு முடிவில் பெரும்பாலும் கெட்ட நேரத்துக்கும் பங்கு இருக்கும். அடுத்த முறை அதே கெட்ட நேரம் அதே அளவில் வருவது அரிது. அதனால் யாரும் எதுவும் செய்யாமலே முடிவு கொஞ்சம் மேம்படும்.

பின்னாளில் 2002இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களிடம் இதைக் கண்டார். பிரமாதமாக ஓட்டிய மாணவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், ஆகவே திட்டுதான் வேலை செய்கிறது என்றார் ஒரு பயிற்றுநர். அவர் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. ஆனால் திட்டாமல் இருந்திருந்தாலும் அதுவேதான் நடந்திருக்கும். கால்பந்து நிர்வாகிகள் அந்தப் பயிற்றுநரின் இடத்தில்தான் இருக்கிறார்கள். அணி உச்சத்தில் இருக்கும்போது பயிற்சியாளரை யாரும் தூக்குவதில்லை. எப்போதும் அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் தூக்குகிறார்கள். அதற்குப் பிறகு ஏற்றம்தானே வரும்!

சரி, கால்பந்தில் தற்செயலுக்கு அவ்வளவு இடம் உண்டா? உண்டு, மற்றப் பல ஆட்டங்களைவிட அதிகமாகவே. பெரிய ஐரோப்பிய லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணியும் சேர்ந்து சராசரியாக இரண்டரையிலிருந்து மூன்று கோல்தான் போடுகின்றன. கூடைப்பந்தில் பந்து நூறு தடவை வளையத்துக்குள் விழுவதால் தற்செயல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், சிறந்த அணி பெரும்பாலும் ஜெயிக்கும். கால்பந்தில் கம்பத்தில் பட்டு வெளியே போகும் ஒரே பந்து ஆட்டத்தைத் தீர்மானிக்கலாம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 40 விழுக்காடு, டிரா ஆக 25 விழுக்காடு, தோற்க 35 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 38 ஆட்டத்தில் சராசரியாக 55 புள்ளி எடுக்கும், அதாவது நடுப்பகுதிக்குச் சற்று மேலே முடிக்கும் கௌரவமான அணி. அதன் திறமை சீசன் முழுவதும் துளியும் மாறவில்லை என்றே கொள்வோம். குறிப்பிட்ட ஐந்து ஆட்டங்களில் அந்த அணி ஒன்றுகூட வெல்லாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டுதான். ஆனால் 38 ஆட்டத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் வரிசையாக ஐந்து ஆட்டம் வெற்றியில்லாமல் கழியும் வாய்ப்பு? நூற்றுக்கு ஏறக்குறைய 74. நான்கு சீசனில் மூன்றில், எந்தக் குறையும் இல்லாத பயிற்சியாளர் "நெருக்கடியில்" மாட்டுவார். பத்திரிகைக்காரர்கள் வந்து வீரர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்பார்கள். உண்மையான லீக்கில் நான்கு வலுவான அணிகள் அடுத்தடுத்து வரும் அட்டவணையும், இரண்டு முக்கிய வீரர்களின் காயமும் சேர்ந்துகொள்ளும். அப்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஆக, பயிற்சியாளரை மாற்றிய அணிகளை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதே போலச் சறுக்கியும் பயிற்சியாளரை மாற்றாத அணிகள் என்ன ஆயின என்றும் பார்க்க வேண்டும். மருந்து ஆய்வில் மருந்து கொடுக்காத ஒரு குழுவை வைத்துக்கொள்வது இதற்காகத்தான். நெதர்லாந்தின் பாஸ் டெர் வேல் என்ற பொருளாதார ஆய்வாளர் அந்நாட்டு முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரையான பருவங்களை எடுத்துக்கொண்டு அதையே செய்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் மீண்டன. நீக்காத அணிகளும் அதே போல மீண்டன. நீக்கியதால் கிடைத்த தனி ஆதாயம் என்று எதுவும் தெரியவில்லை.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஹோயரும் அவரது குழுவும் அந்நாட்டு முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவின் 1963-64 முதல் 2008-09 வரையான 46 சீசன்களை அலசி 2011இல் வெளியிட்ட ஆய்வும் சீசன் நடுவே பயிற்சியாளரை மாற்றுவதால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே சொன்னது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் கால்பந்து விதிகளிலேயே வேறு ஆட்டம். அங்கே அட்லர், பெர்ரி, டோஹர்ட்டி ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போகிறது. மிக மோசமான அணிகளுக்குப் பயிற்சியாளர் மாற்றம் பெரிதாக எதுவும் செய்யவில்லை, நடுத்தர அணிகளுக்கோ ஆளை மாற்றியபின் நிலைமை இன்னும் கெட்டது.

அப்படியென்றால் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? புள்ளிப்பட்டியல் நீண்ட காலத்தில் உண்மை பேசும், எட்டு வாரத்தில் பேசாது. அதற்காகத்தான் 'எதிர்பார்ப்பு கோல்' என்ற அளவு வந்தது, எக்ஸ்ஜி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அடித்த ஒவ்வொரு ஷாட்டுக்கும், முன்பு அதே மாதிரி இடத்திலிருந்து அதே மாதிரி சூழலில் அடித்த ஆயிரக்கணக்கான ஷாட்டுகளில் எத்தனை கோல் ஆயின என்று பார்த்து ஒரு மதிப்புக் கொடுப்பார்கள். பெனால்டி என்றால் முக்கால் கோலுக்குச் சற்று மேல். பெனால்டி பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடித்தால் ஒரு கோலின் நூற்றில் சில பங்குதான். தலையால் முட்டியதா, காலால் அடித்ததா, எந்தக் கோணம் என்பதெல்லாம் கணக்கில் வரும். ஓர் அணி உருவாக்கிய வாய்ப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து எதிரணிக்குக் கொடுத்ததைக் கழித்தால், அந்த அணி உண்மையில் எப்படி ஆடுகிறது என்று ஓரளவு தெரியும். கோல்களைவிட ஷாட்டுகள் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம் என்பதால் இந்த எண் சீக்கிரம் நிலைபெறுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் 2014-15 போருஸியா டார்ட்மண்ட். யூர்கன் குளோப் பயிற்சியில் 2011, 2012 இரண்டு ஆண்டும் ஜெர்மன் சாம்பியன், முந்தைய சீசனில் இரண்டாம் இடம். அந்த அணி 2015 பிப்ரவரி தொடக்கத்தில் 19 ஆட்டத்தில் வெறும் 16 புள்ளியோடு 18 அணிகளில் 18ஆவதாகக் கிடந்தது. சொந்த மைதானத்தில் ஆக்ஸ்பர்க்கிடம் தோற்றதும் கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் கேப்டன் ஹும்மல்ஸும் வேலியருகே போய் ரசிகர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. நிர்வாகம் குளோப்பை நீக்கவில்லை. மீதி 15 ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்து ஏழாம் இடத்தில் முடித்தார்கள். அந்த பிப்ரவரியில் வேறொருவர் வந்து இதே 30 புள்ளியை எடுத்திருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

ஏப்ரலில் குளோப் தானாகவே விலகுவதாக அறிவித்தார். அக்டோபரில் லிவர்பூல் அவரை எடுத்துக்கொண்டது. அந்தக் கிளப்பின் தரவு ஆய்வுக்குத் தலைமை தாங்கிய இயற்பியல் முனைவர் இயான் கிரஹாம் டார்ட்மண்டின் எண்களைத் தன் கணித மாதிரியில் போட்டுப் பார்த்திருந்தார். ஆட்டம் கெடவில்லை, அதிர்ஷ்டம்தான் கெட்டிருக்கிறது என்று வந்தது. 2019இல் ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக், 2020இல் பிரீமியர் லீக் என்று லிவர்பூல் வென்றது எல்லோருக்கும் தெரியும்.

எக்ஸ்ஜியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்தங்கிய அணி முன்னேறி வந்து ஷாட் மேல் ஷாட் அடிக்கும், முன்னிலையில் இருப்பவர்கள் பின்வாங்கித் தடுப்பார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் எண் அதனால் கொஞ்சம் பெருத்துத் தெரியலாம். கோல் வாசலில் குறுக்கே ஓடி, யார் காலிலும் படாமல் போன பந்து கணக்கிலேயே வராது. சிவப்பு அட்டை விழுந்த ஆட்டத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் பயிற்சியாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. நீண்ட காலத்தில் ஓர் அணியின் இடத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அது வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் என்று ஸ்டீபன் சைமான்ஸ்கி போன்ற பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மீதி இருக்கும் இடத்தில்தான் பயிற்சியாளரின் கைவரிசை. 2021 ஜனவரியில் செல்சி ஃபிராங்க் லாம்பார்டை நீக்கி தாமஸ் டூகலைக் கொண்டுவந்தது. அவர் பின்வரிசையில் மூன்று மையத் தடுப்பாளர்களை நிறுத்தினார். முதல் 14 ஆட்டங்களில் தோல்வியே இல்லை, வாங்கிய கோல் இரண்டே இரண்டு. மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்று தள்ளிவிட முடியாது. ஆடும் முறையே மாறியது, எதிரணிக்குக் கிடைத்த வாய்ப்புகள் சுருங்கின. லெஸ்டரில் ஷேக்ஸ்பியருக்கு அது வாய்க்கவில்லை. 2017 ஜூனில் பதவியை நிரந்தரமாக்கிய அதே நிர்வாகம் அக்டோபரில் அவரையும் நீக்கிவிட்டது.

என் கணக்கில் ஒரு பயிற்சியாளர் நீக்கப்படத் தகுதியானவர் ஆவது, பதினைந்து இருபது ஆட்டங்களாகப் புள்ளியோடு சேர்த்து வாய்ப்புகளின் தரமும் சரிந்திருக்கும்போதுதான். அதுவும் அந்தச் சரிவைக் காயங்களாலோ விற்றுப்போன வீரர்களாலோ எதிரணிகளின் வரிசையாலோ விளக்க முடியாதபோது. அப்போதும் "இவர் போனால் யார்?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் தயாராக இருக்க வேண்டும். டூகல் அந்த ஜனவரியில் வேலையில்லாமல் இருந்தார் என்பது செல்சிக்குக் கிடைத்த பெரிய வசதி. உடைமாற்றும் அறையில் வீரர்களும் பயிற்சியாளரும் முகம் பார்த்துப் பேசாத நிலை என்றால் எண்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் அது உண்மையில் அரிது. தோற்கும் அணியைப் பற்றித்தான் அந்த வதந்தி கிளம்பும், ஜெயிக்கும் அணியில் அதே சண்டை நடந்தால் அதற்குப் "போட்டி மனப்பான்மை" என்று பெயர்.

நிர்வாகங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் சீசன் நடுவே இருபத்தைந்து வீரர்களை மாற்ற முடியாது, வீரர்களை வாங்கவும் விற்கவும் குளிர்காலத்தில் சில வாரங்கள்தான் கதவு திறந்திருக்கும். மாற்ற முடிந்த ஒரே ஆள் பயிற்சியாளர். அவரை நீக்கினால் ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள காலத்துக்கு இழப்பீடு போகும், புதியவர் தன்னோடு நான்கைந்து உதவியாளர்களைக் கூட்டிவருவார், பழையவருக்காக வாங்கிய வீரர்கள் சிலர் பெஞ்சில் உட்காருவார்கள். கோடையில் மாற்றினால் புதியவருக்குச் சில வாரப் பயிற்சி முகாமாவது கிடைக்கும். நவம்பரில் வருபவருக்கு இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கிடைப்பது மூன்று நாள், அதில் ஒரு நாள் வீரர்களின் ஓய்வுக்கே போய்விடும்.