காபித்தூளைக் கிலோ கணக்கில் வாங்காதீர்கள், ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா கட்டைப்பையிலிருந்து எவர்சில்வர் சம்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "தம்பி, போன மாசம் நல்லா இருந்துச்சு. இந்தத் தடவை என்னத்தைக் கலந்து குடுத்தீங்க?" திறந்து பார்த்தேன். மூடியின் உட்பக்கம் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. தூள் கட்டிதட்டி, கரண்டியால் குத்தினால்தான் உடையும் நிலையில் இருந்தது. மோந்து பார்த்தால் முதலில் ஏறியது பூண்டு வாடை. காபி மணம் தேடினாலும் இல்லை. ஒரு கிலோவாக அரைத்து வாங்கிப்போனது, மாதக் கடைசி. "ஃப்ரிட்ஜுலதானே வச்சிருந்தேன்!" என்றார். இதே பேச்சை வாராவாரம் யாராவது ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

மதுரை மாசி வீதிப் பக்கம் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். கொட்டையாக வாங்குவதா, தூளாக வாங்குவதா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆயுள் கணக்கு. பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் ஒரு வருஷம்கூடத் தாங்கும். வறுத்த கொட்டை மூன்று நான்கு வாரம். அரைத்த தூள் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். அதற்குப் பிறகும் குடிக்கலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணம் அதில் இருக்காது. மெஷின் ஓடும்போது தெருவே மணக்குதே என்று நின்று ரசிக்கிறார்கள். அத்தனையும் தூளிலிருந்து வெளியேறும் மணம்தான். கொட்டை உடைந்த நிமிஷத்திலேயே அது கிளம்பிவிடுகிறது.

இப்போது ஃப்ரிட்ஜ் விஷயம். குளிர்ச்சியில் வைத்தால் எதுவும் கெடாது என்ற நினைப்பு பாலுக்கும் மாவுக்கும் சரி. காபித்தூள் அப்படியில்லை. அது பக்கத்தில் இருக்கும் வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் கெட்ட வாடை வந்தால் ஒரு கிண்ணத்தில் காபித்தூளைக் கொட்டி உள்ளே வைக்கிற பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? வாடையை இழுக்கும் என்று தெரிந்துதானே வைக்கிறீர்கள்? அதே ஃப்ரிட்ஜில், அதே தட்டில், குடிக்கிற தூளையும் வைத்தால் அது மட்டும் எப்படித் தப்பிக்கும்? நேற்றைய மீன் குழம்பு, பாதி நறுக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் அதில் ஏறும்.

வாடையைவிட ஈரம் மோசம். காலையில் சில்லென்ற டப்பாவை எடுத்து மதுரை வெக்கையில் திறக்கிறீர்கள். வெளிக்காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த மூடியிலும் தூளிலும் நீராகப் படிகிறது. மூடி மறுபடி உள்ளே வைக்கிறீர்கள். சாயங்காலம் மறுபடி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் மாதத்துக்கு அறுபது தடவை அந்தத் தூள் வேர்க்கிறது. சிக்கரி கலந்த தூள் என்றால் கேட்கவே வேண்டாம், சிக்கரி காபியைவிட வேகமாக ஈரம் குடிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியில் வைத்ததே கட்டிதட்டும், ஃப்ரிட்ஜில் வைத்தது கல்லாகிவிடும். டப்பாவை வெளியிலேயே வையுங்கள். அடுப்புக்கு மேல் பலகையில் வேண்டாம், ஜன்னல் வெயிலில் வேண்டாம். இறுக்கமான மூடி, ஈரமில்லாத கரண்டி, இருட்டான அலமாரி போதும்.

சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அது பிரிக்காத பாக்கெட்டுக்கு. கத்தரிக்கோல் வைத்த அன்றிலிருந்து உங்கள் ஒரு வாரம் ஓட ஆரம்பித்துவிடும். ரப்பர் பேண்ட் போட்டு மடித்து வைப்பதால் நின்றுவிடாது.

அப்படியானால் கொட்டைதானே நல்லது? அரைக்க ஒழுங்கான வழி இருந்தால் ஆமாம், சந்தேகமே இல்லை. மேசை விளிம்பில் திருகி மாட்டிய கைமெஷினில் அன்றன்றைக்கு அரைத்துக் குடித்த வீடுகள் இந்த ஊரில் நிறைய இருந்தன. இப்போதும் பல் சக்கரம் வைத்த கைமெஷின் கிடைக்கிறது. இரண்டு மூன்று நிமிஷம் சுற்றினால் ஒரு வேளைக்கான தூள் வந்துவிடும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள், விடியற்காலையில் ஓடிக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். உங்களுக்கு வாராவாரம் அரைத்து வாங்கும் தூளே சரி.

மிக்ஸியில் அரைக்கலாம் என்று கொட்டை வாங்கிப்போனவர்கள்தான் பில்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். "அண்ணே, ராத்திரி ஊத்துனது, விடியிற வரைக்கும் டிகாக்‌ஷன் இறங்கவே இல்ல." இறங்காது. மிக்ஸி பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. பாதி மாவாகிவிடும், பாதி குருணையாக நிற்கும். மாவு பில்டர் ஓட்டையை அடைக்கும், கசப்பையும் அதுதான் தரும். குருணையிலிருந்து சாரம் இறங்காது. பில்டருக்கு ஏற்ற தூள் விரலிடையே தேய்த்தால் பொடி உப்பு மாதிரி நெருட வேண்டும். வேறு வழியில்லை, மிக்ஸிதான் என்றால் மசாலா படாத சின்ன ஜாரை இதற்கென்று தனியாக ஒதுக்குங்கள். ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். தொடர்ந்து ஓட விடாமல் விட்டு விட்டு நான்கைந்து சுற்று, நடுவில் ஜாரைக் குலுக்குங்கள். பிறகு சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் குருணையை மட்டும் மறுபடி சுற்றுங்கள்.

தெருமுனை மாவு மில்லில் கொடுத்து அரைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், செய்யாதீர்கள். முன்னால் ஓடியது மிளகாயாக இருக்கும், மல்லியாக இருக்கும். அந்தக் கல்லிலிருந்து அது முழுதாகப் போகவே போகாது. காபி அரைக்கும் கடைகளிலும்கூட முந்தையவர் தூள் மெஷினுக்குள் கொஞ்சம் தங்கும். சிக்கரி வேண்டாதவர்கள் முதலில் வரும் ஒரு பிடித் தூளை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். தூள் சூடாகத்தான் வெளியே வரும். அதைத் தட்டில் ஆறவிட்டுக் கட்டுகிறவரையும் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

கொட்டை வாங்கி ஏமாந்ததாக நினைக்கிற இன்னொரு கூட்டம் உண்டு. பெங்களூருவிலிருந்து மகன் நல்ல அரேபிகா கொட்டை அனுப்பியிருப்பார். பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாகக் கொடைக்கானல் போய்வந்தவர்கள் தோட்டத்தில் வாங்கிவந்திருப்பார்கள். போட்டுக் குடித்துவிட்டு, "நிறமே வரல, தண்ணியா இருக்கு" என்று வருவார்கள். இத்தனை காலமும் நீங்கள் பார்த்த கறுப்பு நிறத்திலும் கெட்டித்தன்மையிலும் பாதி சிக்கரியுடையது. சிக்கரி ஒரு செடியின் வேர், அது கொட்டைக்குள் இருக்காது. பழகிய ருசி வேண்டுமானால் சிக்கரியைத் தனியாக வாங்கி 80 கிராம் காபிக்கு 20 கிராம் கலந்துகொள்ளுங்கள். நாலு நாள் கலக்காமல் குடித்துப் பாருங்கள் என்பது என் ஆசை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சிறுமலையிலும் போடி மலையிலும் நமக்குப் பக்கத்திலேயே காபி விளைகிறது. அந்தக் கொட்டையின் சொந்த ருசி தெரியாமலே இருப்பது எனக்கு வருத்தம்.

சிக்கரி என்றதும் வாட்ஸ்அப் வீடியோ வந்துவிடும். டம்ளர் தண்ணீரில் தூளைத் தூவினால் காபி மிதக்கும், சிக்கரி நிறக்கோடு விட்டுக்கொண்டே மூழ்கும். சோதனை உண்மைதான். ஆனால் 70க்கு 30 என்று நீங்களே கேட்டு வாங்கிய தூளைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மூழ்குதே, கலப்படம் என்று சண்டைக்கு வந்தால் நான் என்ன செய்ய? சொல்லிக் கலந்தால் அது கலவை. உணவுப் பாதுகாப்பு விதிப்படி அந்தக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் படியுங்கள். புளியங்கொட்டைப் பொடியும் களிமண்ணும் சேர்ப்பதுதான் கலப்படம். அரை ஸ்பூன் தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு நிமிஷம் கலக்கி, ஐந்து நிமிஷம் ஆடாமல் வையுங்கள். மண் இருந்தால் அடியில் படிந்து காட்டிக்கொடுக்கும்.

கல்யாண சமையல்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே மளிகையோடு சேர்த்துத் தூளை அரைத்து வாங்கி மண்டபத்தில் போட்டுவைக்காதீர்கள். இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், அரைத்து வைக்கிறோம்.

வீட்டுக்கு அளவு இதுதான். நாளைக்கு முப்பது, நாற்பது கிராம் போடுகிற வீட்டுக்கு வாரம் கால் கிலோ தூள் சரியாக இருக்கும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, மாதம் ஒருமுறை வரும் பிள்ளைகள் ஒரு கிலோவாக வாங்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்துக் கடையில் சொல்லிவைத்தால் வாரம் 100 கிராம் கட்டிக்கொடுப்பார்கள். எந்தக் கடையானாலும் வாங்கும்போது எப்போது வறுத்தது, எப்போது அரைத்தது என்று இரண்டையும் கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் அன்றைக்கு 50 கிராம் மட்டும் வாங்கிக் குடித்துப் பாருங்கள்.