மைக்ரோகிளியா: தமிழில் என்ன சொல்வது?

மூளையில் இருக்கும் ஒருவகை உயிரணுக்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். அதைப் படித்ததும் கிளி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. 'கிளியா' கிரேக்கச் சொல். பொருள், பசை. நரம்பணுக்களை ஒட்டி வைத்திருக்கும் ஒருவிதக் காரை என்று நினைத்து, ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1850களில் 'நியூரோகிளியா' என்று பெயர் வைத்தார். 1919இல் ஸ்பெயின்காரர் பீயோ டெல் ரியோ ஒர்தேகா மூளைச் சீவல்களுக்கு வெள்ளிக் கார்பனேட் சாயமேற்றிப் பார்த்தார். அந்தப் 'பசை'க்குள் சின்ன உடலும் முள்முள்ளான கிளைகளுமாகத் தனி அணுக்கள் கறுப்பாகத் தெரிந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயரில்தான் 'மைக்ரோ' முன்னால் வந்து ஒட்டியது.

பெயரில்தான் பசை, வேலையில் இல்லை. நரம்பணுக்களோடு பிறந்தவையும் அல்ல. எலிக் கருவில் இவை கருவுணவுப் பையில் தோன்றி, மூளைக்குக் குடியேறுகின்றன. உடலின் பிற இடங்களில் கிருமியையும் குப்பையையும் தின்னும் பெருவிழுங்கிகளுக்குத்தான் இவை பங்காளிகள். ஆகவே 'நுண்பசை' என்று மொழிபெயர்த்தால், விர்ச்சோ காலத்துத் தவறையும் சேர்த்தே மொழிபெயர்த்ததாகிவிடும்.

'மூளைக் காவலணு' எப்படி? ஆசையாகத்தான் இருக்கிறது. சும்மா இருக்கும் நாளிலும் இவை கிளைகளை நீட்டி மடக்கிச் சுற்றுப்புறத்தைத் துழாவுவதை, உயிருள்ள எலியின் மூளையிலேயே 2005இல் பார்த்துவிட்டார்கள். வைரஸ் நுழைந்தால் கிளைகள் குறுகி, உடல் உப்பும். 2018இல் வந்த ஓர் ஆய்வில், எலிகளின் தீவனத்தில் மருந்து கலந்து இந்த அணுக்களை ஏறக்குறைய ஒழித்துவிட்டு, மூளையைத் தாக்கும் எலிக் கொரோனா வைரஸைச் செலுத்தினார்கள். மருந்து தின்னாத எலிகள் பல தாக்குப்பிடித்தன, தின்றவை மாண்டன. தொற்றின் தொடக்க நாட்களில்தான் இவற்றின் தேவை அதிகம் என்றும் தெரிந்தது.

ஆனால் 2016இல் வந்த வெஸ்ட் நைல் வைரஸ் ஆய்வு வேறு கதை சொல்கிறது. அதில் எலிகள் பிழைத்துக்கொண்டன. பிறகு சுற்றிலும் துளைகள் உள்ள வட்ட மேசையில் அவற்றை விட்டார்கள். ஒரே ஒரு துளைக்குக் கீழேதான் ஒளிந்துகொள்ளப் பெட்டி. அது எங்கே என்று கற்றுக்கொள்வதில் இந்த எலிகள் திணறின. காரணம், நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகளின் மேல் நோயெதிர்ப்பு வேலையில் பங்குள்ள 'நிரப்புப் புரதங்கள்' படிய, மைக்ரோகிளியா அந்த இணைப்புகளையே தின்றிருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை. இதற்குக் காவல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காத்தாலும் கெடுத்தாலும் இவற்றின் தொழில் விழுங்குவது. அதனால் என் தேர்வு 'மூளை விழுங்கணு'. பெருவிழுங்கியோடு உறவும் அதில் தெரிகிறது. முதல் தடவை எழுதும்போது மட்டும் பக்கத்தில் மைக்ரோகிளியா என்றும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மூளையைத் தின்னும் அமீபா என்று யாராவது படித்துவிடுவார்கள்.