பூனை தொடவே இல்லை டாக்டர்!

"எலி கண்ணுல ரத்தம் வருது டாக்டர்" என்று பதறிக்கொண்டு வந்தான் ஒரு கல்லூரி மாணவன். கையில் ஷூ டப்பா, உள்ளே அவன் வளர்க்கும் வெள்ளை எலி. கண்ணோரத்திலும் மூக்கு நுனியிலும் செம்பழுப்பாகக் காய்ந்த கறை. அறை விளக்கை அணைத்துவிட்டு, படர்தாமரை பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கைக் காட்டினேன். கறை இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. ரத்தமாக இருந்தால் அப்படி ஒளிராது.

எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டீரியன் என்றொரு சுரப்பி உண்டு. அதில் ஊறும் நீரில் போர்ஃபைரின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. நோயிலும் மன அழுத்தத்திலும் அது அதிகமாக வழியும். எலி முகம் துடைத்துக்கொள்வதையும் விட்டுவிட்டால் அப்படியே காய்ந்து நிற்கும். முக்கியமாக, மூச்சுக்குழல் தொற்றிலும் இதே கறை வரும், அதனால் வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். இந்த எலிக்கு நெஞ்சில் சத்தம் இல்லை, பல் சரியாக இருந்தது. எடை மட்டும் இறங்கியிருந்தது.

"வீட்டுல புதுசா ஏதாவது வந்திருக்கா, தம்பி?"

"ஒரு பூனைக்குட்டி எடுத்து வளர்க்கறோம். ஆனா அது எலியைத் தொடவே இல்லை டாக்டர். கூண்டு மேல துணி விரிச்சிருக்கேன், அதுலதான் தூங்கும். எலியும் அமைதியா உட்கார்ந்திருக்கும்."

அந்த அமைதியைத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். பயந்த எலி கத்தாது, அசையாமல் உறைந்துபோகும். அசைவைப் பார்த்துப் பாயும் எதிரியிடம் அதற்குத் தெரிந்த முதல் தற்காப்பு அதுதான். இதைத் தாய் எலி சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்வுக்கூடங்களில் பிரபலமான விஸ்டார் எலி வம்சம் 1906-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. பூனையைக் கண்ணால் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகள். இருந்தும் பூனை வாசனை பட்டால் பதுங்குகின்றன.

சிட்னி பல்கலைக்கழகத்தில் இயான் மெக்ரிகர் குழுவினர் பூனை கழுத்தில் கட்டியிருந்த பட்டையை எலி இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். எலி மறைவிடத்துக்குள் ஓடி, தலையை மட்டும் நீட்டி நீட்டி எட்டிப் பார்த்தது. அப்புறம் பட்டை இல்லாமல் அதே இடத்தில் விட்டபோதும் பயம் போகவில்லை. வாசனையோடு இடமும் மனதில் பதிந்துவிடுகிறது. இந்தப் பையனோ பூனை படுக்கும் துணியையே எலிக்குக் கூரையாக விரித்திருக்கிறான்!

இதில் பூனை மட்டும்தான் என்றில்லை. 2011-ல் ஹார்வர்டில் ஸ்டீபன் லிபர்லிஸ் குழு 38 வகைப் பாலூட்டிகளின் சிறுநீரை ஆராய்ந்தது. சிங்கம், புலி போன்ற ஊனுண்ணிகளின் சிறுநீரில் ஃபெனைல்எத்திலமைன் என்ற பொருள் மிக அதிகம். அது இருக்கும் பக்கம் எலிகள் போகவில்லை. சிங்கச் சிறுநீரிலிருந்து அதை மட்டும் நீக்கியதும் அந்த விலகல் குறைந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "அப்போ வீட்டு எலியை விரட்டப் பூனை கழித்த மண்ணைத் தூவலாமா?" வேண்டவே வேண்டாம். அதில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பெரிய ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒட்டுண்ணி தொற்றிய எலிகளுக்குப் பூனை வாசனைப் பயமே விட்டுப்போகிறது என்று 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூனையின் குடலுக்குள் போனால்தான் அதனால் முழுதாக இனம் பெருக்க முடியும். எலியைப் பூனையின் வாய்க்கே அனுப்பிவைக்கிறது.

சரி, பையனுக்குச் சொன்னது இவ்வளவுதான். துணியைத் தூக்கிப் போடு. கூண்டைச் சுடுதண்ணீரில் கழுவு. பழைய மரத்தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடு. பூனை நுழையாத வேறு அறையில், கதவைச் சாத்தி வை. உள்ளே ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வேண்டும். முயல், ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்களும் இப்படியே செய்யலாம். என் மேசையையும் பூனைக்குப் பிறகு கழுவித் துடைத்துவிட்டுத்தான் இவற்றை வைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வந்தான். கறை இல்லை, எடை ஏறியிருந்தது. டப்பாவிலிருந்து எலியை எடுக்கப் போனவனைத் தடுத்தேன். சட்டைக் கை முழுக்கப் பூனை முடி.

"முதல்ல கை கழுவிட்டு வா, தம்பி."