அந்தக் கறையைத் தேய்க்காதீர்கள்

சென்ற வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் 15 வயது மகளை அழைத்து வந்தார். முன்பற்களில் இருந்த பழுப்புக் கறையைப் போக்க ஓராண்டாகச் செங்கற்பொடியும் உப்பும் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். கறை அப்படியே இருக்கிறது; ஈறு விலகி, பல்லின் அடிப்பகுதி தேய்ந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே அந்தப் பெண் துடிக்கிறாள். "ஒழுங்காப் பல் விளக்க மாட்டா டாக்டர், எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல" என்று தாய் சொன்னபோது அவள் தலைகுனிந்துகொண்டாள். தருமபுரியில் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

அது அழுக்கு அல்ல. நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடு என்னும் தாது உப்பால் வந்த பாதிப்பு. பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயது வரை, நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்திலேயே பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கெட்டுவிடுகிறது. சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி முளைக்கும் பல், பிறகு மெல்லப் பழுப்பேறுகிறது. கறை பல்லின் மேல் படிந்ததன்று, பல்லுக்குள்ளேயே இருப்பது என்பதால், மூன்று வேளை விளக்கினாலும் போகாது. செங்கற்பொடி, கரி, எலுமிச்சைச் சாறு, கடையில் விற்கும் வெண்மைப் பொடி ஆகியவை இருக்கிற எனாமலையும் அரித்துவிடும். வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திப் பல்லைக் காட்டச் சொல்லும் ஆசிரியர்களுக்கும் இதையே பணிவுடன் சொல்கிறேன்.

நோயாளியின் அட்டையில் பல்லைப் பற்றி எழுதும் முன், வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதுவது என் வழக்கம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடே ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காத நிலையில்தான் 1.5 வரை அனுமதி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டு, ருசி பழகிவிட்டது என்று போர்த் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே கொடுங்கள், அதில் ஃபுளோரைடு மிகக் குறைவு. பால்பொடியைப் போர்த் தண்ணீரில் கரைக்கவே கரைக்காதீர்கள். சிறு குழந்தைக்குப் பற்பசை அரிசியளவு போதும். கேழ்வரகுக் களியும் பாலும் தரும் சுண்ணாம்புச் சத்து ஃபுளோரைடு உடலில் சேர்வதைக் குறைக்கும். அதற்காகத் தண்ணீரை மாற்றாமல் இருந்துவிடக் கூடாது. கறையை மறைக்கவும் குறைக்கவும் பல் மருத்துவரிடம் வழி உண்டு. இந்தப் பெண்ணுக்கு முதலில் பல் கூச்சத்தைத்தான் தணிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு 3 வயதில் ஒரு தம்பி இருக்கிறான் என்று தெரிந்ததும், வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.