வண்டல் மண் இலவசம் சரி, பூங்கா ஏரிக்கு அது பொருந்துமா?

கோடை வந்தால் வேலூரில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து விவசாயி, "எங்க ஊர் ஏரியில வண்டல் எடுக்க யாருகிட்ட மனு கொடுக்கணும்?" என்பார். நகரத்துக்குள் ஏரிக்கரைப் பூங்காவில் காலையில் நடக்கப் போகிறவர், "ஏரி பாதி மேடாகிக் கிடக்குது, வேண்டியவங்க அள்ளிக்கிட்டுப் போகட்டும்னு விட்டா என்ன?" என்பார். முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். ஏரியில் படிந்திருக்கும் வண்டலும் களிமண்ணும் சட்டத்தின் பார்வையில் சிறு கனிமம். 'நம்ம ஊர் ஏரி, நம்ம மண்' என்று வண்டியோடு இறங்கிவிட முடியாது. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 என்று ஒன்று இருக்கிறது. அதன் 12ஆவது விதிதான் விவசாயத்துக்கும், மண்பாண்டத் தொழிலுக்கும், சொந்த வீட்டு உபயோகத்துக்கும் ஏரி மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்க இடம் தருகிறது. முன்பு இதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். கோப்பு ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் மழை வந்து ஏரியில் தண்ணீர் ஏறிவிடும். 2024 ஜூனில் விதியைத் திருத்தி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று மாற்றினார்கள். அந்த ஆண்டு ஜூலை 8 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். வேலூர் மாவட்டத்தைப் பொறுத்தவரை வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்று ஆறு வட்டங்கள். உங்கள் வீடோ நிலமோ எந்த வட்டத்தில் இருக்கிறதோ, அந்த வட்டத்து ஏரியில்தான் கேட்க முடியும்.

எவ்வளவு கிடைக்கும்? நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90. மண்பாண்டம் செய்பவருக்கு 60, வீட்டு உபயோகத்துக்கு 30. டிராக்டர் கணக்கில் சொன்னால் முறையே 25, 30, 20, 10 லோடு. மண் அடிக்கிறவர்கள் யூனிட்டில்தான் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். ஆக, ஒரு ஏக்கர் நஞ்சைக்கு இருபத்தாறரை யூனிட் வரை வரும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் ஏக்கர் முழுக்கப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது. கோடை உழவில் கலந்துவிட இது போதும். பாலாற்றுக் கரையோர மணற்பாங்கான நிலத்துக்கு இந்த மெல்லிய வண்டல் ஈரம் பிடித்து வைக்கிறது என்பது நம் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலோ, தமிழ்நாடு இ-சேவை இணையதளத்தில் நீங்களாகவோ போடலாம். நிலத்தின் சிட்டா, அடங்கல் நகல்கள் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பார்த்துச் சொன்னபின் வட்டாட்சியர் அனுமதி தருவார். ஆனால் அலையும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தெந்த ஏரி, குளங்களில் மண் எடுக்கலாம் என்ற பட்டியலை மாவட்ட அரசிதழில் வெளியிடுகிறார்கள். அதில் உங்கள் ஏரி இல்லையென்றால் வட்டாட்சியரே நினைத்தாலும் அனுமதி தர முடியாது. விஏஓவிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

மண்ணுக்குத்தான் காசில்லை. அள்ளுகிற ஜேசிபிக்கும் ஏற்றிப்போகும் வண்டிக்கும் உங்கள் பையிலிருந்துதான் போகும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்த வாடகைதான் உண்மையான தடை. பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் ஒரே வாரத்தில் அனுமதி வாங்கி, ஒரே ஜேசிபியைப் பேசிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அப்புறம், அனுமதி வாங்கிய மண்ணை விற்கக் கூடாது. மனைக்குக் கொட்டி மேடாக்குவதற்கும் இந்த அனுமதி செல்லாது. அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தாலோ ஏற்றிப் போனாலோ, 1957ஆம் ஆண்டு கனிமச் சட்டப்படி வண்டி பறிமுதலாகும். தண்டனை 5 ஆண்டு சிறை வரை போகும். அதனால் வண்டி ஓட்டுபவர் கையில் அனுமதிச் சீட்டு இருந்தாக வேண்டும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் பல ஏரிகள் கெட்டிருக்கின்றன. வண்டி வருவதற்கு வசதி என்று கரையை ஒட்டியே வெட்டிவிடுகிறார்கள். கரையின் அடிமண்ணை எடுத்தால், அடுத்த பெருமழையில் அங்கேதான் கசியும், சரியும். மதகு, உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் பக்கமும் இப்படியே. பொறியாளர் அளந்து காட்டிய இடத்தில், சொன்ன ஆழத்துக்கு மட்டும் வெட்ட வேண்டும். 'ஆழமாத் தோண்டினா நெறைய தண்ணி நிக்கும்' என்ற பேச்சும் முழுக்கச் சரியில்லை. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. வண்டலுக்குக் கீழே இருக்கும் களிமண் படுகையைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால், நின்ற தண்ணீரும் இறங்கிவிடும். கிணறுகளுக்கு ஊறட்டும் என்றால் சரி. படகு விடவும் கரையில் உட்கார்ந்து பார்க்கவும் வைத்திருக்கும் பூங்கா ஏரியில் அது நடந்தால் தை மாதத்துக்கே தரை தெரியும்.

இனி அந்தப் பூங்கா ஏரிக்கு வருவோம்.

முதல் சிக்கல், அது யாருடைய ஏரி என்பது. பொதுவாக 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். நகரம் வளர்ந்து வயலெல்லாம் 'நகர்' ஆகி, பாசனத்துக்கு ஒரு சென்ட்கூட மிஞ்சாத ஏரிகள்கூடப் பதிவேட்டில் இன்னும் பாசன ஏரிகளாகவே இருக்கும். கரையில் நடைபாதை, விளக்கு, ஊஞ்சல் எல்லாம் மாநகராட்சி போட்டிருக்கும், தண்ணீர்ப் பரப்பு வேறு துறையிடம் இருக்கும். தூர்வாரச் சொன்னால் இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள். எனவே மனு எழுதும் முன் புல எண்ணைக் கண்டுபிடித்து, 'அ' பதிவேட்டில் யார் பெயரில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே புல எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும். கோட்டை அகழி இன்னொரு ரகம். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அகழியில் ஒரு கூடை மண் எடுப்பதற்கும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதைத் தூர்வாரியதை வைத்து, மற்ற ஏரியிலும் அப்படியே செய்துவிடலாம் என்று நினைப்பது தவறு.

இரண்டாவது, மண் எப்படிச் சேருகிறது என்பது. ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் தந்த ஓட்டேரி மாதிரி மலையடிவாரத்து ஏரிகளில், மரம் குறைந்த சரிவிலிருந்து மழை ஒவ்வொன்றும் செம்மண்ணை இழுத்து வரும். வரத்துக் கால்வாய் ஏரிக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரின் வேகம் சட்டென்று குறைகிறது. பரும்படியான மணலும் சரளையும் அங்கேயே விழுந்துவிடும். பூங்கா ஏரிகளில் நுழைவாயருகே புல் முளைத்த திட்டு ஒன்றைப் பார்க்கலாம், அது இப்படி உருவானதுதான். மாவு போன்ற மெல்லிய வண்டல் மட்டும் மிதந்துபோய் ஆழமான இடத்தில், மதகுப் பக்கம் படியும். அதோடு மக்கிய ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக், சாக்கடைக் கழிவு.

இதைப் புரிந்துகொண்டால் ஏரி முழுக்கத் தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலை தெரிந்துவிடும். நுழைவாயிலில் ஒரு வண்டல் பிடிப்புத் தொட்டி கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் அள்ளுவது. அந்தச் சிறு வேலைக்கு ஏரியை வற்றவைக்க வேண்டாம், மீன் குத்தகை எடுத்தவரோடு சண்டையும் வேண்டாம். முழு ஏரியின் கணக்கைப் பாருங்கள்: ஒரு ஏக்கர் பரப்பில் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு வண்டல் சேர்ந்திருந்தால் சுமார் 1,200 கன மீட்டர், அதாவது 400 டிராக்டர் லோடு. அத்தனையும் எடுத்தால் 12 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேலே வரத்துக் கால்வாயை அப்படியே விட்டுவிட்டால் அந்த இடம் மறுபடி மண்ணுக்குத்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். நகரத்து ஏரியின் வண்டல் கிராமத்து ஏரியின் வண்டல் அல்ல. நம் பழைய வடஆற்காடு மாவட்டத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. சாக்கடையோ தொழிற்சாலை நீரோ வருகிற ஏரியில் குரோமியம் போன்ற உலோகங்கள் தண்ணீரில் கரைந்து போய்விடுவதில்லை. அந்த மெல்லிய வண்டலில்தான் ஒட்டிக்கொண்டு தங்கும். கறுப்பாக, கொழகொழவென்று நாறுகிற சேற்றைப் 'பார்த்தாலே எரு மாதிரி இருக்கு' என்று கீரைப் பாத்தியில் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேளாண் துறையின் வழக்கமான மண் பரிசோதனை கார அமிலத் தன்மை, உப்பு, சத்துகளைச் சொல்லும். கன உலோகத்துக்குத் தனியாகச் சோதிக்கக் கேட்க வேண்டும். சோதனை முடிவு கையில் இல்லாமல் நகரத்து ஏரி மண்ணை விவசாயிகளுக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன், மண் எவ்வளவு இலவசமாக இருந்தாலும் சரி.

அப்படியானால் பூங்கா ஏரிக்காக யாரிடம் போவது? நகரத்தில் பகுதி சபை, வார்டு கவுன்சிலர். கிராமத்தில் கிராம சபை. மார்ச் 22, உலக தண்ணீர் நாள் கூட்டம் இதற்குப் பொருத்தமானது. இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்வு மனு. பணத்துக்கு மத்திய அரசின் நகர்ப்புற நீர்த் திட்டமான அம்ருத் 2.0, மாநில அரசின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை இப்போது நடப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மக்களும் ஒரு பங்கு போடத் தயார் என்றால் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம்.

மனுவில் 'ஏரியைத் தூர்வார வேண்டும்' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். வரத்துக் கால்வாயை முதலில் சுத்தம் செய்து கழிவுநீர் இணைப்புகளை அடைக்க வேண்டும், நுழைவாயிலில் வண்டல் பிடிப்புத் தொட்டி வேண்டும், எடுக்கும் முன் வண்டலைச் சோதிக்க வேண்டும், எடுத்த மண்ணைக் கரையோரம் குவித்து வைக்கக் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். கரையில் குவித்த சேறு முதல் மழையிலேயே ஏரிக்குள் திரும்பிப் போகும், அதற்கும் சேர்த்துத்தான் பில் போட்டிருப்பார்கள்.

வேலை நடந்த பிறகு சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மதிப்பீட்டில் எத்தனை கன மீட்டர், அளவுப் புத்தகத்தில் எத்தனை கன மீட்டர், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவுகள் என்ன, மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று நான்கையும் ஒரே மனுவில் கேளுங்கள். ஏரியில் மறுபடி தண்ணீர் ஏறிவிட்டால் யாராலும் இறங்கி அளக்க முடியாது என்பதால், அந்த மனுவை ஆடிக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.