களிம்பு கேட்டு வரும் காக்கட்டூக்கள்

நெஞ்சு வெறும் தோலாகவும் கொண்டை முழுதாகவும் இருக்கும் வெள்ளைக் காக்கட்டூ என்ற கிளியினப் பறவையைக் கூண்டோடு தூக்கி வருகிறவர்கள், பெரும்பாலும் களிம்பு கேட்டே வருகிறார்கள். அலகு எட்டாத தலையில் மட்டும் இறகு அப்படியே இருப்பதைப் பறவை மருத்துவரான நான் முதலில் காட்டுவேன். அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோய் என்றால் கொண்டையும் தப்புவது அரிது. இது பறவை தானே பிடுங்கிக்கொண்டது.

அதற்காகச் சோதனைகளைத் தவிர்ப்பதில்லை. வைரஸ், கல்லீரல், துத்தநாகம் பூசிய கூண்டுக் கம்பியைக் கடித்து உள்ளே போகும் நஞ்சு எல்லாவற்றையும் பார்க்கிறோம். எதிலும் கோளாறு இல்லையென்றால் நான் கேட்கும் கேள்விகள் சிலருக்கு விசித்திரமாகப் படும். கண் திறக்காத குஞ்சாக வாங்கி ஊசிக்குழலால் ஊட்டினீர்களா? முதுகைத் தடவிக் கொடுப்பதுண்டா? போர்வைக்குள் வைத்துக்கொள்வீர்களா? பெரும்பாலும் 'ஆமாம், குழந்தை மாதிரி' என்றே பதில் வரும்.

சிக்கல் அங்கேதான். காக்கட்டூவின் தலையையும் கழுத்தையும் கூட்டத்தில் மற்றப் பறவைகளும் கோதிவிடும். முதுகு, சிறகின் அடி, வாலடி ஆகியவை இணைக்கு உரியவை. 3 வயதைத் தாண்டிப் பருவமடையும் பறவை, தினமும் அங்கே தடவுகிற மனிதரைத் தன் இணை என்றே எடுத்துக்கொள்கிறது. அவரைத் தவிர வீட்டில் எல்லோரையும் கடிக்கும். அவர் அலுவலகம் கிளம்பினால் அலறும். அந்த இணை முட்டையிடவும் மாட்டார், பொந்து தேடவும் மாட்டார். கிளர்ச்சி மாதக்கணக்கில் அடங்காமல் நிற்கும்போது இறகு பிடுங்கப்படுகிறது. சிலவற்றில் இடைவிடாத முக்கலால் எச்சத்துளையின் உட்பகுதி வெளியே தள்ளிவிடும். அறுவைச் சிகிச்சையில் அதைச் சரிசெய்யலாம், ஆனால் தடவல் தொடர்ந்தால் மறுபடியும் தள்ளும்.

காட்டில் இந்தப் பறவைக்கு வேலைக்குக் குறைவே கிடையாது. மரப்பொந்தில் பிறந்த குஞ்சு, பறக்கத் தொடங்கிய பின்னும் பல வாரங்கள் பெற்றோருடன் திரிந்து எதைத் தின்பது, எப்படி உடைப்பது, யாருக்கு வழிவிடுவது என்று கற்கிறது. பட்டை உரிப்பதும் கட்டை பிளப்பதும் பகலில் நெடுநேரம் நடக்கும் வேலை. சிட்னியில் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக்கள் குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கும் வித்தையை ஒன்றைப் பார்த்து ஒன்று கற்று, புறநகர் புறநகராகப் பரப்பியதை ஆய்வாளர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகளில் வாழும் கோஃபின் காக்கட்டூ, பழக்கொட்டையைத் திறக்கக் குச்சியைச் சீவிக் கருவியாக்குகிறது. அப்படிப்பட்ட மூளைக்கு நாம் தருவது ஒரு மணியும் ஒரு கண்ணாடியும்.

பிடித்து விற்றதால் அருகிப்போன இனங்களும் உண்டு. இந்தோனேசியாவின் சிறிய மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ 2005 முதல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்பிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகி ஹாங்காங் பூங்காக்களில் பறப்பவை, உலகில் எஞ்சியவற்றில் கணிசமான பங்கு என்பது விந்தைதான். இந்தியாவில் காக்கட்டூ வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு காக்கட்டீல் பறவைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

வாங்க நினைப்பவர்களிடம் நான் ஆயுளைப் பற்றித்தான் பேசுவேன். சிகாகோ அருகிலுள்ள புரூக்ஃபீல்ட் உயிரியல் பூங்காவில் குக்கி என்ற காக்கட்டூ 83 வயதுவரை வாழ்ந்து 2016இல் இறந்தது. ஐம்பது வயதில் வாங்கினால் உங்களுக்குப் பின் அதை யார் பார்ப்பார்கள்? வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பேச்சே வேண்டாம். இதன் இறகிலிருந்து வெள்ளைப் பொடி ஓயாமல் உதிரும்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் தலையை மட்டும் தொடுங்கள். அட்டைப்பெட்டி, அலமாரி இடுக்கு என்று பொந்து போலத் தோன்றும் எதையும் காட்டாதீர்கள். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். சூரியகாந்தி விதையைக் குறைத்து, காய்கறியைக் கிண்ணத்தில் வைக்காமல் தென்னை மட்டைக்குள்ளும் கொய்யாக் கிளைகளுக்கிடையிலும் ஒளித்து வையுங்கள். கிழித்துத் தேடித் தின்னட்டும். ஆண்டுக்கணக்கில் பிடுங்கிய இடத்தில் இறகின் வேர்ப்பை பழுதாகிவிட்டால் மறுபடி முளைக்காது. ஆகவே கூண்டின் தட்டில் விழும் இறகுகளைப் பாருங்கள். தண்டு கடிபட்டிருந்தால் அந்த வாரமே பறவையோடு அந்த இறகுகளையும் ஓர் உறையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.