சாஸ் அட்டை: உங்கள் வீட்டுக்கு என்ன நிறம்?

"எனக்கு நாலாயிரம் வெள்ளி சம்பளம், எனக்கெல்லாம் யார் சலுகை தரப்போகிறார்கள்" என்று சொல்லிவிட்டு சாஸ் (சிங்கப்பூரர்களுக்குத் தனியார் கிளினிக் கட்டணத்தில் கழிவு தரும் அரசுத் திட்டம்) பக்கமே போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து இப்படி முடிவு கட்டுவதில் அர்த்தமே இல்லை. கணக்கு தலைக்கு எவ்வளவு என்றுதான் போகிறது. வீட்டில் சம்பாதிக்கும் எல்லாருடைய மாத வருமானத்தையும் கூட்டி, அந்த முகவரியில் சேர்ந்து வாழும் குடும்பத்தார் எத்தனை பேரோ அத்தனையால் வகுப்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் ஒரு தலை, வேலைக்குப் போகாத அம்மாவும் ஒரு தலை.

2025 அக்டோபரில் வரம்பை உயர்த்தினார்கள். இப்போது தலைக்கு 1,500 வெள்ளி வரை என்றால் நீல அட்டை, அதற்கு மேல் 2,300 வரை ஆரஞ்சு, அதையும் தாண்டினால் பச்சை. முன்பு இந்த வரம்பு 1,200, 2,000 என்று இருந்தது. அப்போது ஆரஞ்சு வந்த சில வீடுகளுக்கு இப்போது நீலமே கிடைக்கும்.

ஈசூனில் ஒரு பேருந்து ஓட்டுநர் வீட்டை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 3,600 வெள்ளி, மனைவி வீட்டில், படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், கூட அவருடைய அம்மா. ஐந்தால் வகுத்தால் 720, சந்தேகமே இல்லாமல் நீலம். மகன் தேசிய சேவை முடித்து 3,400 வெள்ளிக்கு வேலைக்குப் போகிறான், மொத்தம் 7,000, தலைக்கு 1,400, இன்னும் நீலம்தான். அப்புறம் மகன் 4,200 வாங்குகிறான், மகளும் 3,000 வெள்ளிக்குச் சேர்ந்துவிட்டாள் என்றால் தலைக்கு 2,160, ஆரஞ்சு. மகன் கல்யாணம் செய்துகொண்டு தனி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் போய் அடையாள அட்டையில் முகவரியையும் மாற்றிவிட்டால் அவன் சம்பளமும் போகும், அவன் தலையும் போகும்: நாலு பேருக்கு 6,600, அதாவது 1,650.

வருமானம் என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை. ஓவர்டைம், அலவன்ஸ், கமிஷன், போனஸ் எல்லாமே சேரும், அதுவும் மசேநிதி (மத்திய சேமநிதி) பிடிப்பதற்கு முந்தைய தொகை. கையில் வருவதை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் ஏமாந்து நிற்காதீர்கள். பணிப்பெண்ணும் அறையில் வாடகைக்கு இருப்பவரும் குடும்பம் இல்லை, அவர்கள் தலை சேராது. வருமானமே இல்லாத வீடு என்றால் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டைப் பார்ப்பார்கள், அதனால் ஓய்வு பெற்ற தம்பதி தனியார் வீட்டில் இருந்தால் பச்சை வரவும் வாய்ப்பு உண்டு.

சரி, நிறத்தால் என்ன ஆகப்போகிறது? சளி, காய்ச்சலுக்குப் பக்கத்தில் சாஸில் சேர்ந்த தனியார் மருந்தகத்துக்கு (கிளினிக்) போனால் நீலத்துக்கு 18.50 வெள்ளி வரை, ஆரஞ்சுக்கு 10 வெள்ளி வரை கழிவு. பச்சைக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையான லாபம் நாட்பட்ட நோயில்தான் இருக்கிறது, நம் வீடுகளில் அதற்குக் குறைவும் இல்லை. இனிப்பு நீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் சேர்ந்தே இருந்தால் நீல அட்டைக்கு ஒரு தடவைக்கு 125 வெள்ளி, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. ஆரஞ்சுக்கு அது 80, 320. பச்சைக்கு 40, 160. ஒரே ஒரு நோய், சிக்கலும் இல்லை என்றால் தொகைகள் குறையும்: நீலத்துக்கு ஆண்டுக்கு 320, பச்சைக்கு 112. பச்சையை வருமானம் பார்க்காமல் சிங்கப்பூரர் எல்லாருக்கும் 2019 நவம்பரில் திறந்துவிட்டார்கள், அதனால் தலைக்கு ஐயாயிரம் வருகிற வீட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். செய்யாமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. தனியார் மருத்துவர் சாதாரணமாக எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அரசு மருத்துவமனை நிபுணரிடம் போனால் முழுக் கட்டணம் கட்ட வேண்டி வரலாம். சாஸ் மருந்தகத்தில் அட்டையைக் காட்டி அங்கிருந்து அனுப்பச் சொன்னால், அரசின் பலதுறை மருந்தகத்திலிருந்து போவது போலவே மானியக் கட்டணத்தில் போகலாம். கடிதம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

1949 முடிவதற்குள் பிறந்த முன்னோடித் தலைமுறைக்கும் 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறைக்கும் வருமானக் கேள்வியே இல்லை. குடியுரிமை எப்போது கிடைத்தது என்பதுதான் அங்கே நிபந்தனை: முன்னவர்களுக்கு 1986 முடிவதற்குள், பின்னவர்களுக்கு 1996 முடிவதற்குள். அவர்களுக்குரிய அட்டையில் கழிவு நீலத்தைவிட அதிகம், ஆகவே தாத்தா பாட்டிக்கு எந்த நிறம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விண்ணப்பம் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) வழியாக இணையத்தில். வேலை போய்விட்டது, சம்பளம் குறைந்துவிட்டது என்றால் பழைய கணக்கிலேயே உட்கார்ந்திருக்காமல் இப்போதைய வருமானச் சான்றுகளோடு மறுபரிசீலனை கேளுங்கள்.

சாஸ் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும், நிரந்தரவாசிக்குக் கிடையாது. வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பிகளுக்கும் கிடையாது, அவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி வாங்க வேண்டியது முதலாளி. 2023 ஜூலையிலிருந்து அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும்.

மருத்துவமனைப் பெரிய பில் வேறு கதை. அரசு மருத்துவமனையில் மானியம் உள்ள பி2, சி வார்டுகளின் மானியமும் இதே தலைக்கணக்கில்தான் கூடிக் குறையும், அதிகபட்சம் 80 விழுக்காடு. அதுவும் மெடிஷீல்டு லைஃபும் (அடிப்படை மருத்துவக் காப்புறுதி) மெடிசேவும் (மசேநிதியின் மருத்துவச் சேமிப்பு) போன பிறகும் கட்ட முடியவில்லை என்றால் 1993-இல் தொடங்கிய மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி இருக்கிறது. அங்கே நிறம் கிடையாது, குடும்ப நிலையையும் பில்லையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இதற்கு இணையத்தில் தேட வேண்டாம், அந்த மருத்துவமனையின் சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று வார்டிலேயே சொல்லுங்கள், வீட்டுக்குப் போகும் நாள்வரை காத்திருக்காமல்.